முன் இருக்கையிலும் பாடம் நடக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

என் மகனுக்கு அடுத்த ஆண்டு 18 வயது ஆகிறது. கார் ஓட்டப் பழக இப்போதே பணம் சேர்க்கிறான். அவனைப் போன்ற பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: இந்த ஓர் ஆண்டும் அவர்களை முன் இருக்கையில் கைப்பேசியோடு விட்டுவிடாதீர்கள்.

ஏன் என்றால், எல் பலகை மாட்டிய கார் நம் சிங்கப்பூரில் விரைவுச்சாலைக்குள் போகக்கூடாது. பழகுவதெல்லாம் மற்றச் சாலைகளில்தான். ஆனால் தேர்வில் தேறி உரிமம் கைக்கு வந்துவிட்டால், புதிய ஓட்டுநர் என்று காட்டும் முக்கோணக் குறிப் பலகையை ஒட்டிக்கொண்டு மறுநாளே தீவு விரைவுச்சாலையில் 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார்களுக்கு நடுவே நுழையலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. அப்படி நுழைவதை அதற்கு முன்பே நூறு தடவையாவது நேரில் கவனித்துப் பார்த்திருக்க வேண்டாமா? அதற்கு வசதியான இடம் நம் பக்கத்து இருக்கைதான்.

நான் வாய்விட்டுப் பேசிக்கொண்டே ஓட்டுகிறேன். "வலது கண்ணாடி பார்த்தாச்சு, வெள்ளை வேன் தூரத்துல வருது, சிக்னல் போட்டாச்சு, தோளுக்குப் பின்னால ஒரு பார்வை, சரி, நுழையறேன்." முதலில் அவன் சிரித்தான். அப்புறம் அவனே சொல்ல ஆரம்பித்தான். இப்போது நான் கேட்பது, அடுத்து என்ன நடக்கும் என்று மட்டும்தான். மாலையில் புக்கிட் தீமா விரைவுச்சாலையில் உட்லண்ட்ஸ் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், மலேசியாவின் ஜோகூருக்குத் திரும்பும் மோட்டார் சைக்கிள்கள் தடங்களுக்கு நடுவே வரிசையாக வரும், கண்ணாடியில் ஒன்று தெரிந்தால் பின்னால் இன்னும் நான்கு இருக்கும். போன மாதம் அங்கே நல்ல மழை. முன்னால் போன லாரியையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் இடது பக்கம் சாய்ந்து எட்டிப் பார்த்து, "அம்மா, லாரிக்கு முன்னாடி எல்லாக் காரும் பிரேக் போடுது" என்றான். உடனே காலைத் தளர்த்தினேன். லாரி சட்டென்று நின்றபோது எங்களுக்குப் போதுமான இடைவெளி இருந்தது.

நம் தவறுகளும் அவர்கள் கண்ணில் படும். ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு சந்திப்பில் சிக்னல் போடாமல் திரும்பினேன், "ஏம்மா போடல?" என்று கேட்டுவிட்டான். அன்றிலிருந்து எங்கேயும் விடுவதில்லை. ஆனால் பச்சை அம்பு இல்லாத இடத்தில், எதிரே வரும் வண்டிகளையும் சாலையைக் கடப்பவர்களையும் பார்த்து வலது பக்கம் திரும்பும்போது மட்டும் இரண்டு பேரும் பேசக்கூடாது என்று வைத்திருக்கிறோம். கேள்வியெல்லாம் திரும்பி முடித்த பிறகு.

இன்னொன்று. "ராத்திரியில பலமாடிக் கார் நிறுத்துமிடத்துல கொஞ்சம் ஓட்டக் கொடுங்க, பழகிக்குவான்" என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள். உரிமம் இல்லாமல் ஓட்டுவது குற்றம், அதோடு அங்கே தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு குழந்தை ஓடி வந்தால் என்ன செய்வது?

வாகனமோட்டும் பயிற்சி நிலையங்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் சேர வரும் நாளில் பெற்றோரையும் ஒரு மணி நேரம் உட்காரவைத்து, வீட்டுக் காரில் எதை எப்படிச் சொல்லிக்கொடுக்கலாம் என்று பயிற்றுவிப்பாளரே விளக்கட்டும். நான் முதல் ஆளாக வருவேன்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி