ஜோகன்னஸ்பர்க் போறவங்க இந்த கோர்ட்டையும் பாருங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம பேப்பர்ல வந்த தென்னாப்பிரிக்கா டூர் கட்டுரை படிச்சேன், சிங்கம், டேபிள் மவுண்டன்னு நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, ஆனா ஜோகன்னஸ்பர்க்னு வந்ததும் ஷாப்பிங் மாலோட முடிச்சிட்டாங்க. அங்க இருக்கற அரசியலமைப்பு நீதிமன்றத்த பத்தி ஒரு வரி கூட இல்ல. ஒரு தமிழ் பேப்பர் அத விட்டிருக்கக்கூடாதுங்க.

ஏன் சொல்றேன்னா அந்த கோர்ட் நிக்கறதே ஒரு பழைய ஜெயில் மேலதான். ஆசியாக்காரங்க எல்லாம் கைரேகை வச்சு பதிவு பண்ணிக்கணும்னு சட்டம் போட்டப்ப, முடியாதுன்னு சொன்னதுக்காக 1908 ஜனவரில காந்திய முதல் தடவையா உள்ள தள்ளினது இந்த ஜெயில்லதான், அப்ப அவரோட சேர்ந்து போனவர் மொரிஷியஸ்ல பொறந்த நம்ம தமிழர் தம்பி நாயுடு. அதுக்கப்புறம் தெருவுல காய்கறி வித்த தமிழர்கள் கூட திரும்பத் திரும்ப ஜெயிலுக்கு போனாங்க. 1962ல மண்டேலாவையும் இங்க வச்சிருந்தாங்க. 1983ல ஜெயில மூடிட்டாங்க.

நிறவெறி ஆட்சி போனதும் நாட்டோட பெரிய கோர்ட்ட எங்க கட்டலாம்னு பார்த்து, வேணும்னே இந்த இடத்தத்தான் எடுத்தாங்க. விசாரணைக் கைதிங்க இருந்த பிளாக்க இடிச்சாங்க, ஆனா அதோட நாலு படிக்கட்டுக் கூண்ட மட்டும் தொடாம விட்டாங்க, இடிச்ச செங்கல்லயும் வீணாக்கல. உள்ள விசாரணை நடக்கற ஹால்ல போய் நின்னீங்கன்னா அதே செங்கல்தான் சுவரா நிக்குது, பூசாம அப்படியே, வெட்டுப்பட்டது ஓரம் உடைஞ்சது எல்லாம் கண்ணுக்கு தெரியும். அந்த சுவருக்கு பக்கத்துலதான் மனுஷ உரிமைய பத்தி தீர்ப்பு சொல்றாங்க! சுவர்ல நீளமா ஒரு கண்ணாடிப் பட்டை இருக்கு, வெளிய நடந்து போற ஜனங்களோட கால் அதுல தெரியும். பதினொரு நீதிபதிங்க, ஒவ்வொருத்தர் மேஜை முன்னாடியும் ஒரு மாட்டுத்தோல், ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. முன்வாசல் மரக்கதவுல அந்த நாட்டு அரசியலமைப்பு ஜனங்களுக்கு தர்ற 27 உரிமைகளையும் செதுக்கி வச்சிருக்காங்க. வரவேற்பு கூடத்துல தூணெல்லாம் சாய்ஞ்சு மரம் மாதிரி நிக்கும், ஊர்ப்பெரியவங்க மரத்தடியில உக்காந்து பஞ்சாயத்து பண்ற அந்த நாட்டு வழக்கத்த வச்சு கட்டினது. 2004 மார்ச் 21ல திறந்தாங்க, 1960ல ஷார்ப்வில்ங்கற ஊர்ல நிறவெறி சட்டத்த எதிர்த்து கூடினவங்கள போலீஸ் சுட்டு 69 பேர் செத்தது அதே மார்ச் 21தான்.

நம்ம சென்னை சென்ட்ரல் ஜெயில 2009ல இடிச்சத நினைச்சா இப்பவும் வயிறு எரியுதுங்க. நேதாஜி இருந்த ஜெயில், இடிக்கறதுக்கு முன்னாடி ஜனங்கள பார்க்க விட்டாங்க, அவ்ளோதான். மருத்துவக் கல்லூரிக்கு இடம் வேணும், அதுல தப்பே இல்ல, ஆனா புதுக் கட்டடத்துல ஒரு சுவரயாச்சும் பழைய செங்கல்ல எழுப்பியிருக்கலாமே, யாருக்கு என்ன நஷ்டம்?

அதனால டூர் கூட்டிட்டு போறவங்க ஒரு அரைநாள் இதுக்கு ஒதுக்கணும்னு உங்க பேப்பர் மூலமா கேட்டுக்கறேன். கோர்ட்டுக்குள்ள போய் பார்க்க காசு இல்ல, ஜெயில் மியூசியத்துக்கு மட்டும் டிக்கெட். தில்லையாடி வள்ளியம்மை சமாதியும் அதே ஊர்ல பிராம்ஃபோன்டைன் கல்லறையிலதான் இருக்கு, ரெண்டையும் ஒரே நாள்ல பார்த்துடலாம். அடுத்த தடவை கட்டுரை போடறப்ப இத சேர்த்துக்கங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி