ரெண்டுல ஒண்ணு, மூணுல ஒண்ணு

கண்ணு, நல்லா இருக்கியா. வாய்ஸ் அனுப்புனா பாதி கேட்டுட்டு "அப்புறம் பேசறேம்மா"ன்னு வச்சிடுவ, அதனால டைப் பண்றேன், நைட் ஷிஃப்ட் முடிஞ்சி ரூமுக்கு வந்து பொறுமையா படி. இங்க மணி பதினொண்ணரை, ரெக்கார்டு நோட்டுல இன்னும் ரெண்டு பாடத்திட்டம் எழுத வேண்டியது பாக்கி கீது, அத வச்சிகினு தான் உனக்கு எழுதறேன்.

பிஎட் டீச்சிங் பிராக்டீஸ் ஒம்போதாவது வாரம் ஓடுது, மொத்தம் 16 வாரம். காலையில குடியாத்தம் பஸ் ஸ்டாண்டுல நிப்பேன், பிங்க் பஸ்ஸுன்னா டிக்கெட் இல்ல, அதுக்காக ரெண்டு பஸ்ஸ விட்டுட்டு நிக்கற ஆளு தான் உங்கம்மா, உனக்குத் தெரியாததா. கே.வி.குப்பம் தாண்டி எறங்கி நடந்தா ஸ்கூலு. யூனிஃபார்ம் புடவை, கழுத்துல ஐடி கார்டு, கூட வர்றதெல்லாம் இருபத்திரெண்டு வயசுப் பொண்ணுங்க, மொத மாசம் "அக்கா"ன்னாங்க, இப்போ "அம்மா"ன்னே ஆயிடுச்சி. வீட்டுல உன் ஆயா மட்டும் தினம் "எப்போ வேலை குடுப்பாங்க"ன்னு கேக்குறாங்க. பிஎட் முடிக்கணும், டெட்டுனு ஆசிரியர் தகுதித் தேர்வு பாஸ் பண்ணணும், அதுக்கு மேல நியமனத் தேர்வுன்னு ஒண்ணு தனியா எழுதணும், இத ஆயாவுக்கு எப்படிப் புரிய வைக்கறது. நாப்பத்தஞ்சுல ஆரம்பிச்சவ இதையெல்லாம் எண்ணினா தூக்கம் வராது, நான் எண்றதில்ல.

டெட்டுனு சொன்னதும் ஞாபகம் வருது. ஸ்டாஃப் ரூம்ல எனக்கு கைடு டீச்சர் ஒருத்தங்க, இருபது வருஷத்துக்கு மேல சர்வீஸ். 2025 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு வந்துச்சி இல்ல, ரிட்டயர் ஆக அஞ்சு வருஷத்துக்கு மேல இருக்கறவங்க எல்லாம் ரெண்டு வருஷத்துக்குள்ள டெட் பாஸ் பண்ணணும்னு, அதுலேருந்து மதிய சாப்பாட்டுல பாதி நேரம் அவங்க என்னத் தான் கேக்குறாங்க, "சைக்காலஜில பியாஜே எந்த நிலைக்கு எந்த வயசு சொல்றாரு"ன்னு. பியாஜேன்னா பசங்க யோசிக்கறது வயசுக்கு வயசு எப்படி மாறுதுன்னு சொன்ன சைக்காலஜிக்காரரு. 150 மார்க்குல 30 குழந்தை வளர்ச்சிக்கே போவுது. என் லெசன் பிளான்ல சிவப்பு மையால சுழிக்கறவங்க அவங்க, அவங்களுக்கு பியாஜே சொல்லித் தர்றவ நானு. சிரிப்பா தான் கீது, ஆனா பாவமா இருக்கு, இத்தன வருஷம் கிளாஸ் எடுத்தவங்க கைல சாப்பாட்டு டப்பாவும் கைடு புக்குமா உக்காந்திருக்கறத பாக்க.

சரி விஷயத்துக்கு வரேன். தீபாவளிக்கு வந்தப்போ "எதுக்கும்மா இந்த வயசுல இதெல்லாம்"னு கேட்ட. இல்லம் தேடிக் கல்வில தன்னார்வலரா இருந்தப்போ மாசம் ஆயிரம் ரூபாய்க்கு நம்ம வாசல்ல பதினஞ்சு பசங்கள உக்கார வச்சி சொல்லிக் குடுத்தேனே, அதுல புடிச்சிப் போச்சின்னு சொன்னேன். பொய் இல்ல. ஆனா போன வாரம் நடந்தத உங்கிட்ட சொல்லாம இருக்க முடியல.

ஏழாம் கிளாஸுக்கு தசம எண் ஆரம்பிக்கணும், அதுக்கு முன்னாடி பின்னம் ஞாபகம் கீதான்னு பாக்கலாம்னு ரெண்டுல ஒண்ணையும் மூணுல ஒண்ணையும் கூட்டச் சொன்னேன். பாதிப் பேர் அஞ்சுல ரெண்டு. கடைசி பெஞ்சுல ஒருத்தன எழுப்பி எப்படி வந்துச்சின்னு கேட்டேன், திட்டப் போறேன்னு தான் எழுந்தான், அப்புறம் சொல்றான், "மிஸ், மொத ரெண்டு பால்ல ஒரு சிக்ஸு, அடுத்த மூணு பால்ல ஒரு சிக்ஸு, அப்போ அஞ்சு பால்ல ரெண்டு சிக்ஸு தானே".

சாக்பீஸோட அப்படியே நின்னேன்டா. அவன் சொன்ன கணக்கு சரி. சிக்ஸு கணக்குக்கு அது சரியான விடை, நான் கேட்ட கேள்வி தான் வேற. ஒரே துணிய ரெண்டா மடிச்சி ஒரு பங்கு, அதே துணிய மூணா மடிச்சி ஒரு பங்கு, இது ரெண்டையும் சேத்தா அந்தத் துணில எவ்ளோன்னு நான் கேக்குறேன், அவன் ரெண்டு துணியையும் ஒண்ணா தச்சிட்டான். பிஎஸ்சி மேத்ஸ் படிச்சவளுக்கு இத்தன வருஷம் இது தோணல. பெல் அடிச்சிடுச்சி, "நாளைக்குச் சொல்றேன்"னு வந்துட்டேன். பஸ்ல வரசொல்ல பூரா அதே யோசன.

வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட லுங்கி கட் பீஸ் கேட்டேன், பெரிய கட்டம் போட்டது. "இன்னா டீச்சரம்மா, லுங்கி கட்டிகினு பாடம் எடுக்கப் போறியா"ன்னு நக்கல், ஆனா அவரே தேடி எடுத்து ஆறு ஆறு கட்டமா பட்டை வெட்டிக் குடுத்தாரு. மறுநாள் கிளாஸே சிரிப்பு, மிஸ் லுங்கி எடுத்தாந்துட்டாங்கன்னு. ஆறு கட்டத்துல பாதி மூணு, அதே ஆறுல மூணுல ஒரு பங்குன்னா ரெண்டு, மொத்தம் அஞ்சு கட்டம், ஆறுல அஞ்சு. அந்தப் பையன்கிட்ட மட்டும் தனியா ஒண்ணு கேட்டேன், பாதித் துணி உங்கிட்ட கீது, மேல இன்னும் கொஞ்சம் குடுக்கறேன், இப்போ பாதியை விடக் கம்மியா ஆவுமா? ஏன்னா அஞ்சுல ரெண்டுன்னா பாதி கூட வராது இல்ல. துணிய கையில வச்சிகினு கொஞ்ச நேரம் பாத்தான், "ஓ"ன்னான், அவ்ளோ தான். கைடு டீச்சர் ரெக்கார்டுல "துணைக்கருவி சார்ட்டில் இருக்கலாம்"னு எழுதிட்டாங்க, அது வேற கதை.

பியாஜே பத்தி நானே அஞ்சு மார்க் கேள்விக்கு மனப்பாடம் பண்ணி எழுதினது தான், பாரிஸ்ல பசங்களுக்கு புத்திசாலித்தன டெஸ்ட் வைக்கற வேலையில இருக்கசொல்ல, சரியான விடைய விட தப்பான விடைங்க தான் அவர இழுத்துச்சாம், ஒரே வயசுப் பசங்க ஒரே மாதிரி தப்பு பண்றாங்களேன்னு. எழுதி ஃபுல் மார்க் வாங்கினேன். புரிஞ்சது அந்தக் கடைசி பெஞ்சுகிட்ட.

உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. ஆறாவது அரைப் பரீட்சை பேப்பர், சமையக்கட்டு வாசல்ல வந்து நீட்டின. அதே கணக்கு, அதே அஞ்சுல ரெண்டு. "கணக்கு படிச்சவ வயித்துல பொறந்துட்டு"ன்னு ஸ்கேலால கையில போட்டேன், ஒண்ணு இல்ல. எப்படிப் போட்டேன்னு நீ சொல்ல வந்த, நான் விடல. அதுக்கப்புறம் கணக்கு நோட்டுல கையெழுத்துக்கு நீ அப்பாகிட்டயே போயிடுவ, பாலிடெக்னிக் சேர்ற வரைக்கும் அப்படித்தான், நான் அத சோம்பேறித்தனம்னு நினைச்சிகினு இருந்தேன். இப்போ நீ பெங்களூர் பீன்யால கம்ப்யூட்டர்ல ஓடற சிஎன்சி மிஷின்ல நின்னுகினு மைக்ரான் மைக்ரான்னு பேசற, ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு, அதுல ரெண்டு தப்பினா பீஸ் ரிஜெக்டுன்னு. எந்தப் பையனுக்குப் பின்னம் வராதுன்னு நான் ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்சேனோ அவன்.

லுங்கி பட்டைல கோடு போட பீரோ மேல கைய விட்டேன், அதே மர ஸ்கேலு தான் வந்துச்சி.

அதனால ஒண்ணு கேக்குறேன், திட்ட மாட்டேன். அன்னிக்கு நீ இன்னா நினைச்சி அஞ்சுல ரெண்டுன்னு போட்ட? நீயும் கிரிக்கெட்டா, இல்ல சும்மா மேல இருக்கறத மேலயும் கீழ இருக்கறத கீழயும் கூட்டிட்டியா, இல்ல வேற ஏதாவதா? ஞாபகம் இருந்தா லீவ் அன்னிக்கு போன் பண்ணு, நான் குறுக்க பேசாம கேக்குறேன். புதன்கிழமை ஏழு பி-க்கு இதே பாடம் எடுக்கணும்.

அம்மா