வளையும் ஸ்ட்ராவை மருந்துக் கடையில் விற்க விடுங்கள்

ஞெகிழித் தடையை நடைமுறைப்படுத்தும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

போன வாரம் எங்கள் பகுதி மருந்துக் கடை ஒன்றில் நடந்த சோதனை உங்கள் பதிவேட்டில் இருக்கும். கேரி பேக் கட்டுகளோடு சேர்த்து, மேசைக்கு அடியில் இருந்த வளையும் பிளாஸ்டிக் ஸ்ட்ரா பாக்கெட்டுகளையும் எடுத்துக்கொண்டு போனீர்கள். அபராதமும் போட்டீர்கள். சட்டப்படி அது சரிதான். ஆனால் அந்தக் கடைக்காரர் அவற்றை ஜூஸ் குடிப்பவர்களுக்கு விற்கவில்லை. என் அம்மாவைப் போன்ற நாலைந்து பேருக்காகத் தேடிப் பிடித்து வாங்கி வைத்திருந்தார். "இனிமே அது மட்டும் கேக்காதீங்கம்மா" என்று இப்போது சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அம்மாவுக்குப் பார்க்கின்சன் நோய். கை நடுக்கத்தை மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். கழுத்தும் விறைத்துவிட்டது. முதுகுக்குத் தலையணை முட்டுக்கொடுத்து உட்கார வைத்தாலும் தலை முன்னால் கவிழ்ந்தே இருக்கும். டம்ளரில் கஞ்சி குறையக் குறைய அதைச் சாய்த்தாக வேண்டும். டம்ளர் சாய்ந்தால் தலையும் பின்னால் போக வேண்டும். அம்மாவின் தலை போகாது. நாமாகப் பிடித்துச் சாய்த்தால் புரை ஏறிவிடும். கண்ணில் நீர் வழிய, முகம் சிவக்க, இருமக்கூடத் தெம்பில்லாமல் அவர் திணறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது கொடுமை. அப்படி மூச்சுக்குழாய்க்குள் இறங்கும் கஞ்சி நுரையீரலில் தேங்கி நிமோனியா ஆகலாம். பார்க்கின்சன் நோயாளிகள் பலருடைய உயிரை எடுப்பது அதுதான்.

அம்மாவுக்கு ஸ்ட்ராதான் தோது என்று சொன்னவர், அவர் விழுங்குவதைச் சோதித்துப் பார்த்த தெரபிஸ்ட். எல்லா நோயாளிக்கும் ஒத்துவராது, சிலருக்குக் கொடுக்கவே கூடாது என்றும் அவரே எச்சரித்தார். அம்மாவுக்கு ஒத்துவந்தது. மோவாய் தாழ்ந்திருந்தபடியே குடிக்கலாம். ஒரு வாய் உறிஞ்சுவார், நிறுத்துவார், விழுங்குவார், மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த வாய்க்குப் போவார். எவ்வளவு, எப்போது என்பதெல்லாம் அவர் இஷ்டம். சங்கில் ஊற்றலாமே என்று உறவில் ஒருவர் சொன்னார். சங்கில் ஊற்றினால் அதைத் தீர்மானிப்பது என் கை. அவர் தொண்டை தயாராக இருக்கிறதா என்பது என் கைக்கு எப்படித் தெரியும்?

மாற்று இருக்கிறதே என்பீர்கள். எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அம்மா ஒரு டம்ளர் கஞ்சி குடித்து முடிக்க அரை மணி நேரம் ஆகும். பேப்பர் ஸ்ட்ரா அதற்குள் நைந்துவிடுகிறது. ஒருமுறை அதன் நுனி பிய்ந்து நாக்கில் ஒட்டிக்கொண்டது, விரலை விட்டு எடுத்தேன். ஸ்டீல் ஸ்ட்ரா வளையாது. அம்மாவின் தாடை திடீரென்று இறுகும், அப்போது பல்லும் ஈறும் என்ன ஆகும்? சிலிகான் ஸ்ட்ரா வீட்டில் இருக்கிறது. பிரஷ் விட்டுக் கழுவத் தயங்கவில்லை, ஆனால் கடித்தால் அது நசுங்கி அடைத்துக்கொள்கிறது. மட்கும் பிளாஸ்டிக்குக்கு ஒன்றிய அரசின் விதியில் இடம் உண்டு என்பதும் தெரியும். அந்த ஸ்ட்ரா எங்கள் ஊர்க் கடை எதிலும் கிடைக்கவில்லை.

தடைக்கு எதிராக நான் எழுதவில்லை. 2019 ஜனவரி 1-ல் தமிழ்நாட்டில் தடை வந்தபோது சந்தோஷப்பட்டவள் நான். 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்க வந்தபோதும் அப்படித்தான். பாலித்தீன் தின்று வயிறு உப்பிய மாடுகளை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். என் கேள்வி வேறு. பேருந்து நிலையத்தில் இன்றைக்கும் சூடான டீயை பாலித்தீன் கவரில் கட்டித்தான் கொடுக்கிறார்கள். பெட்டிக்கடை வாசலில் ஷாம்பூவும் சிப்ஸும் தோரணமாகத் தொங்குகின்றன. அந்த உறைகள் எல்லாம் எங்கள் வாய்க்காலில்தான் வந்து சேர்கின்றன. அவற்றைத் தயாரிக்கும் ஆலை வாசலுக்கு யாரும் போவதாகத் தெரியவில்லை. ஜூஸ் டப்பாவில் ஒட்டி வரும் ஸ்ட்ராவுக்காக 2022-ல் பெரிய நிறுவனங்கள் தில்லிக்குக் கடிதம் எழுதி அவகாசம் கேட்டன. அவகாசம் கிடைக்கவில்லை என்றாலும், கேட்பதற்கு அவர்களுக்கு ஆள் இருந்தது. படுக்கையில் கிடப்பவர்களுக்காக யார் கேட்டார்கள்? தடை செய்யும் பொருட்களின் பட்டியலைத் தயாரித்தபோது அவர்களை யாராவது நினைத்துப் பார்த்தீர்களா?

கோபத்தில் விஷயத்தை விட்டு விலகிவிட்டேன், மன்னிக்கவும். நான் கேட்பது ஒன்றுதான்: வளையும் ஸ்ட்ராவை மருந்துக் கடையில் விற்க விடுங்கள்.

இது புதிய யோசனை அல்ல. வளையும் ஸ்ட்ரா அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது அதை முதலில் வாங்கியது ஒரு மருத்துவமனைதான், 1947-ல். இங்கிலாந்தில் 2020 அக்டோபர் 1 முதல் பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குத் தடை. ஆனாலும் அங்கே மருந்துக் கடைகள் விற்கலாம், உணவகத்தில் கேட்பவருக்குக் கொடுக்கலாம். தடையும் இருக்கிறது, தேவைப்படுபவருக்கு ஸ்ட்ராவும் கிடைக்கிறது. நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்க்கின்சனையும் ஊனங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அம்மாவோடு இது முடிவதும் இல்லை. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகள் இருக்கிறார்கள், தாடைக்குக் கம்பி கட்டியவர்கள் இருக்கிறார்கள், வாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சு எடுத்த பிறகு வாயைத் திறக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். இவர்களில் யாரும் உங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்து மனு கொடுக்கும் நிலையில் இல்லை.

மருந்துக் கடைகளும் மருத்துவமனைகளும் வளையும் ஸ்ட்ராவை வைத்திருக்கலாம், கேட்பவருக்குக் கொடுக்கலாம் என்று விதியில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அது உங்கள் கையில் இல்லையென்றால், யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்கு உங்கள் பரிந்துரையோடு இந்த மடலை அனுப்பிவையுங்கள். ஸ்ட்ராவை வெளியில் அடுக்கி வைக்க வேண்டாம், விளம்பரமும் வேண்டாம். கேட்பவரிடம் ஊனமுற்றோர் சான்றிதழைக் காட்டச் சொல்லாதீர்கள். ஒரு ஸ்ட்ராவுக்காக இன்னொரு வரிசையில் நிற்க எங்களுக்குத் தெம்பில்லை. அந்த வரி வரும்வரை, அடுத்த சோதனைக்குப் போகும் உங்கள் ஊழியர்களிடம் மருந்துக் கடையில் இருக்கும் ஸ்ட்ராவை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். தயவுசெய்து இதை இந்த மாதத்திலேயே செய்யுங்கள்.

இப்படிக்கு,
அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் மகள்