புதுப் பதிப்பு வந்ததும் பழைய தாளைக் கழித்துவிடாதீர்கள்

பழைய நிலவரைபடங்களை வைத்திருக்கும் நூலகங்களுக்கும் நில அளவைத் துறைகளுக்கும்,

வணக்கம். அமெரிக்காவின் க்ளென் கேன்யன் பள்ளத்தாக்கு, அணை வருமுன் எப்படி இருந்தது என்று பார்க்க ஆசைப்பட்டு, ஒரு நூலகத்தில் பழைய வரைபடத் தாளைக் கேட்டேன். “புதுப் பதிப்பு வந்துவிட்டது, அதைக் கழித்துவிட்டோம்” என்று பதில் வந்தது. மனது ஆறவில்லை. அதனால்தான் இந்த மடல்.

சாலையும் கட்டடமும் மாறுகிற ஊருக்குப் புதுத் தாள் போதும் என்பீர்கள். சரி. ஆனால் மூழ்கிய பள்ளத்தாக்குக்கு அது எப்படிப் போதும்? 1963 மார்ச்சில் கொலராடோ ஆற்றைத் தடுத்து மதகுகளை அடைத்தார்கள். அணைக்குப் பின்னால் தேங்கிய பவல் ஏரி முழுதாக நிரம்ப 1980 ஆகிவிட்டது. அதன் பிறகு வந்த தாளில் அந்த இடம் வெறும் நீலம். பழைய தாளில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் பழுப்பு நிறச் சம உயரக் கோடுகள் செங்குத்துப் பாறைகளில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடும். ஓடையைக் கடக்கும் இடத்தில் ஓடை வரும் திசை நோக்கிக் கூராக வளையும். கிளைப் பள்ளத்தாக்குகள் வந்து சேரும் இடமெல்லாம் விரலால் தொட்டுப் பார்க்கலாம். மூழ்கிப்போன ஹைட் என்ற சிற்றூரும் அங்கே இருந்தது.

இது வெறும் ஏக்கம் இல்லை. ஆறு கொண்டுவரும் வண்டல் அணைக்குப் பின்னால்தான் படிகிறது. எவ்வளவு படிந்தது என்று அறிய, பழைய தரை மட்டத்தையும் இப்போது நீருக்கடியில் அளந்த மட்டத்தையும் ஒப்பிட வேண்டும். பவல் ஏரியின் கொள்ளளவு 1963க்கும் 2018க்கும் இடையில் ஏறத்தாழ 6.8 விழுக்காடு குறைந்துவிட்டது. முந்தைய அளவு கையில் இல்லாவிட்டால் இதைச் சொல்லவே முடியாது. ஏரி நிரம்பிய பின் அதுவரை காணாத அளவுக்கு 2023 தொடக்கத்தில் நீர் இறங்கியது. வெளியே தெரிந்த கிளைப் பள்ளத்தாக்குகளில் எது பழைய தரை, எது புது வண்டல் என்று சொல்லவும் அந்தக் கோடுகள்தான் வேண்டும்.

அமெரிக்க நிலவியல் அளவைத் துறை 1884 முதலான தன் பழைய தாள்களை ஸ்கேன் செய்து இலவசமாகவே தருகிறது. மற்றவர்களும் செய்யலாம். செய்யும்போது ஓரங்களை வெட்டிவிடாதீர்கள். அளந்த ஆண்டும் அச்சிட்ட ஆண்டும் அங்கேதான் இருக்கும், இரண்டும் ஒன்றல்ல. ஒரே தாளின் ஒவ்வொரு பதிப்பையும் தனித்தனியாக வையுங்கள். பிற்காலத் திருத்தங்களை ஊதா நிறத்தில் மேலே அச்சிட்ட பதிப்புகளையும் விட்டுவிட வேண்டாம்.

இடம் போதவில்லை என்றால், கழிப்பதற்கு முன் அந்தத் தாளில் பின்னாளில் ஏதாவது நீர்த்தேக்கம் வந்ததா என்று மட்டும் பாருங்கள். வந்திருந்தால், அதை வைத்துக்கொள்ளக் கூடிய இன்னொரு நூலகத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
வரைபடம் தேடி வந்த ஒரு வாசகர்