ஊஞ்சலை விற்க வேண்டாம்

தார்த்து, எஸ்தோனியா
13.10.2024, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நலம். அங்கே எல்லோரும் நலமா? அப்பா, உங்கள் கடிதம் இருபத்து மூன்று நாளில் வந்து சேர்ந்தது. தபால்தலை மேல் முத்திரை பாதிதான் விழுந்திருக்கிறது. நீங்கள் பார்த்திருந்தால் கவுண்டரில் இருக்கும் பையனை ஒரு பிடி பிடித்திருப்பீர்கள். வாராவாரம் பாப்பாவோடு போனில் பேசுவதெல்லாம் கடிதக் கணக்கில் சேராது என்று எழுதியிருக்கிறீர்கள். முப்பத்தாறு வருடம் தபால் ஆபீசில் உட்கார்ந்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். நான்கு மாதம் எழுதாமல் இருந்தது என் தப்பு. இங்கே விடாத மழை. வேறு காரணம் ஒன்றுமில்லை.

அம்மா, நன்றாகச் சாப்பிடுகிறேன். இங்கே உருளைக்கிழங்கு மலிவு, உடம்புக்கும் நல்லது. ஒரு கறுப்பு ரொட்டி இருக்கிறது, கம்பு ரொட்டியைப் புளிக்க வைத்ததுபோல் இருக்கும். முதல் மாதம் தொண்டையில் இறங்கவில்லை. இப்போது அது இல்லாமல் முடிவதில்லை. யாராவது சாப்பிட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தால் "யேட்கு லெய்பா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ரொட்டி குறையாமல் இருக்கட்டும் என்று பொருள். சாப்பிடுகிற வாயைப் பார்த்தால் கண் படும் என்பாயே, இவர்கள் அதற்கு நேர் எதிர்.

குளிர் இன்னும் வரவில்லை என்கிறார்கள். காலையில் மூன்று டிகிரி. கோட்டு வாங்கிவிட்டேன், கவலை வேண்டாம். யாரோ ஒரு நல்ல மனிதர் இரண்டு மூன்று வருடம் போட்டுப் பழக்கிவைத்த கோட்டு, அதனால் தோளில் கடிக்கவில்லை. இருட்டிய பிறகு தெருவில் நடக்கிறவர்கள் வெளிச்சம் பட்டால் மின்னுகிற வில்லை ஒன்றைக் கட்டாயம் தொங்கவிட்டுக்கொள்ள வேண்டும், அது இங்கே சட்டம். மேலத்தெரு மாமா தன் எருமைக் கொம்பில் சிவப்பு வில்லை ஒட்டியபோது நாம் சிரித்தோமே, இப்போது நானும் அப்படித்தான் போய்வருகிறேன். மொழிதான் வரமாட்டேன் என்கிறது. எட்டு வேற்றுமைக்கே தமிழய்யாவிடம் பிரம்படி வாங்கியவன் நான். இவர்களுக்குப் பதினான்கு.

கீழ்வீட்டுப் பெரியவரைப் பற்றிப் பாப்பா சொல்லியிருப்பாள். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், அறுபத்து நான்கு வயது. முதல் ஒரு வருடம் மாடிப்படியில் எதிரே வந்தாலும் முகம் கொடுத்ததில்லை. கோபம் ஒன்றும் இல்லை, இங்கே வழக்கமே அப்படி. போன வசந்தத்தில் ஆற்றோரம் சைக்கிளில் வந்தபோது நாணலுக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு கிடந்தது. அடியில் மையால் ஒரு போன் நம்பர். வீட்டுக்கு வந்து கூப்பிட்டால், மணி என் காலுக்குக் கீழே தரைக்கு அடியில் அடிக்கிறது. அன்றிலிருந்து பழக்கம்.

அந்தத் தட்டை வைத்து ஆடுகிற ஆட்டத்துக்கு டிஸ்க் கோல்ஃப் என்று பெயர். ஒரு கம்பத்தில் இரும்புக் கூடை, அதற்கு மேலே வளையத்திலிருந்து சுற்றிலும் தொங்கும் சங்கிலிகள். தூரத்திலிருந்து தட்டை வீசி, விழுந்த இடத்திலிருந்து மறுபடி வீசி, கடைசியில் சங்கிலியில் பட்டுக் கூடைக்குள் விழ வேண்டும். இப்படிப் பதினெட்டுக் கூடை. குறைந்த வீச்சில் முடித்தவர் ஜெயித்தார். நாடே பதின்மூன்று லட்சத்துச் சொச்சம் பேர்தான், நம் மதுரை மாவட்டத்தில் பாதிகூட வராது. ஆனால் சின்னஞ்சிறு ஊரிலும் காட்டோரம் இந்தக் கூடைகள் நிற்கின்றன. அப்பா, இதைக் கேளுங்கள். இந்த ஆட்டத்தில் உலக சாம்பியனாக இருந்த பெண் இந்த நாட்டுக்காரி, பெயர் கிறிஸ்டின் தட்டார். நமக்குத் தட்டார் என்றால் நகை செய்கிறவர், இங்கே தட்டு எறிகிறவர். பெரியவரிடம் இதை விளக்க அரை மணி நேரம் ஆனது. அவர் சிரிக்கவில்லை.

அந்தப் பெண் 2022-இல் அமெரிக்காவில் எம்போரியா என்ற ஊரிலும், 2023-இல் வெர்மான்டிலும் பட்டம் வாங்கினாள். மூன்றாவதும் அவளுக்குத்தான் என்று பெரியவர் முடிவே கட்டிவிட்டார். ஆகஸ்ட் கடைசியில் வர்ஜீனியாவில் லின்ச்பர்க்கில் நடந்தது. அங்கே பகல் என்றால் இங்கே இரவு. பெரியவர் வீட்டு விளக்கு நள்ளிரவு வரை எரியும். பட்டம் வேறு கைக்குப் போய்விட்டது, அதுவும் பக்கத்து ஃபின்லாந்துக்கு. எவெலீனா சாலொனென் என்ற பெண். பெரியவரின் மகள் வேலை பார்ப்பது அதே ஃபின்லாந்தில்தான். அவள் போனில் கேலி செய்திருக்கிறாள். இரண்டு நாள் அவர் என்னோடும் பேசவில்லை, என்னவோ நான் போய் ஜெயித்துவிட்டு வந்ததுபோல. மூன்றாம் நாள் ஒரு வாளி நிறைய ஆப்பிளை என் வாசலில் வைத்திருந்தார்.

உள்ளூரில் அவரும் ஒரு சாம்பியன். சனிக்கிழமை தோறும் ஆற்றோரப் பூங்காவில் வயதானவர்கள் ஆறு ஏழு பேர் கூடி ஆடுவார்கள். எட்டு வருடமாக அதில் அவரை யாரும் ஜெயித்ததில்லை. நான் பை தூக்கிக்கொண்டு கூடவே போவேன், கணக்கு எழுதுவேன். ஓவியம் வரைகிறவன் தூரிகை வைத்திருப்பதுபோல் பை நிறையத் தட்டுகள். தூரம் போகிறதற்கு ஒன்று, இடப்பக்கம் வளைகிறதற்கு ஒன்று, கூடைக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் மெதுவாகப் போடுவதற்கு அந்த ஆரஞ்சுத் தட்டு. அதன் விளிம்பில் அவருடைய கட்டைவிரல் படுகிற இடம் மட்டும் வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கும். குளிரில் பிளாஸ்டிக் விறைத்துவிடும் என்று அதை மட்டும் பையில் போடாமல் கோட்டுக்குள் கக்கத்தில் வைத்துக்கொள்வார். முட்டையை அடைகாக்கிற கோழி ஞாபகம் வரும் எனக்கு.

அம்மா, இனி சொல்லப்போவதற்குத் திட்டாதே. வெள்ளிக்கிழமை ஆயுத பூஜைக்கு என் சைக்கிளைத் துடைத்து, நீ கொடுத்துவிட்ட குங்குமத்தில் பொட்டு வைத்தேன். பெரியவரின் பை அன்று என் அறையில் இருந்தது, ஆரஞ்சுத் தட்டும் அதிலேயே. அதுவும் ஒரு ஆயுதம்தானே என்று அதற்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டேன். நேற்றுக் காலையில் பார்த்தார். என்ன என்றார். இன்று ஜெயிப்பதற்கு என்றேன். நான் ஜெயிக்கத்தானே போகிறேன் என்றார். ஆனால் அழிக்கவில்லை.

முதல் கூடையிலேயே தட்டு மரத்தில் அடித்தது. மூன்றாவதில் இரண்டு மரம். இத்தனை வருடம் அந்த மரங்களுக்கு நடுவே வழி தெரிந்து வீசியவர். ஐந்தாவதில் எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டது, அதற்கு ஒரு வீச்சு அபராதம். ஏழாவது கூடை ஆற்றங்கரைச் சரிவில் இருக்கிறது. எட்டு ஒன்பது அடி தூரம், அவர் கண்ணை மூடிக்கொண்டு போடுவார். தட்டு நேராகப் போய்ச் சங்கிலியில் பட்டது. சங்கிலி அதை ஒரு சுற்றுச் சுற்றி வெளியே துப்பிவிட்டது. விழுந்தது படுத்துவிடக் கூடாதா? விளிம்பில் நின்றுகொண்டது. கீழத்தெருப் பையன்கள் டயர் உருட்டிக்கொண்டு போவார்களே, அதுபோல் ஒரு அவசரமும் இல்லாமல் சரிவில் உருண்டு, நாணலைப் பிளந்துகொண்டு, தண்ணீருக்குள் போய்விட்டது. இந்த ஊர் மொழியில் அந்த ஆற்றின் பெயருக்குத் தாயாறு என்று பொருள். விஜயதசமி அன்று, குங்குமப் பொட்டோடு. பிள்ளையாரைக் கரைத்ததுபோல் ஆகிவிட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை, அடடா என்று சொல்லவும் இல்லை. எல்லோரும் தங்கள் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெரியவர் என் பக்கம் திரும்பி, "அபராதம் ஒன்று. எழுது" என்றார்.

வழக்கமாக ஐம்பத்து இரண்டு, ஐம்பத்து மூன்றில் முடிப்பவர். நேற்று அறுபத்து ஆறு. கடைசிக்கு ஒரு இடம் முன்னால். ஜெயித்தவர் வருடக்கணக்காக இரண்டாவதாக வரும் ஒரு நூலகத்து அம்மாள். கடன் வாங்கிவிட்டுத் திருப்பாதவர் எதிரே பார்த்துவிட்டால் முகம் எப்படி ஆகும், அப்படி ஆகிவிட்டது அந்த அம்மாளின் முகம். கை குலுக்கிவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

திரும்பும்போது வழியெல்லாம் பெரியவர் பேசவில்லை. வீட்டு வாசலில் என்னை உள்ளே கூப்பிட்டார். அது இதுவரை நடந்ததில்லை. உருளைக்கிழங்கும் உப்பு மீனும் வைத்தார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகள் போன் செய்தாள். சனிக்கிழமை இரவு அவள் கூப்பிட்டு ஜெயித்தாயா என்று கேட்பதும், இவர் ஆம் என்று சொல்வதும் வழக்கம். எனக்கு இந்த மொழியில் தெரிந்த வார்த்தைகள் கொஞ்சம். அதில் ஒன்று "விஹ்ம்". மழை. அவர் அதை இரண்டு தடவை சொன்னார். மழை, அதனால் ஆட்டம் நடக்கவில்லை என்று. அவருக்குப் பின்னால் ஜன்னலில் நட்சத்திரம் தெரிந்தது. போனை வைத்துவிட்டு என் தட்டில் இன்னொரு கிழங்கைப் போட்டார்.

அப்பா, நீங்கள் வரி விடாமல் படிப்பவர். அதனால் இதைப் பற்றி மேலும் எழுதவில்லை.

இரவு பத்து மணி வாக்கில் நான் சைக்கிளில் திரும்பும் வழி அந்தப் பூங்கா ஓரம்தான். மாலையில் நான்கைந்து மணி நேரம் சைக்கிளில் ஊரைச் சுற்றுகிறேன், உடம்புக்கு நல்லது. நேற்றும் போனேன். காற்று அடித்தது. ஆள் இல்லாத மைதானத்தில் அந்தக் கூடைகளின் சங்கிலிகள் தாமாக அசைந்து சத்தம் போட்டன. நம் பட்டாசாலை ஊஞ்சல் சத்தம்தான் அது, அப்படியே. ஆச்சி மத்தியானம் ஒரு காலைத் தரையில் ஊன்றி, தூங்குகிறாளா விழித்திருக்கிறாளா என்று தெரியாமல் ஆடுவாளே, அந்தச் சத்தம். சைக்கிளை நிறுத்திவிட்டேன். முதுகில் இருந்த பெட்டியைக் கீழே வைத்தேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அம்மா, எனக்கு ஒரு வாய் ரசம் சோறு வேண்டும் போல் இருந்தது. உன் கையால் பிசைந்தது. வேறொன்றும் வேண்டாம் போல் இருந்தது.

சரி, அதை விடுங்கள். ஊஞ்சல் விஷயத்துக்கு வருகிறேன். ரைஸ்மில் சித்தப்பா பலகை, சங்கிலி இரண்டையும் சேர்த்து நாற்பதாயிரத்துக்குக் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். மண்டபத்து முன்பணத்துக்கு ஆகும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். விற்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வருகிறது, கை வரவில்லை. ஒன்று செய்யுங்கள். தேக்குப் பலகையை அவருக்கே கொடுத்துவிடுங்கள், அவர் வீட்டிலும் நம் பிள்ளைகள்தான் ஆடப்போகின்றன. பித்தளைச் சங்கிலி மட்டும் நம்மிடம் இருக்கட்டும். பலகை எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். விலையை அவர் குறைப்பார். முப்பதுக்குக் கீழே போகாதீர்கள். அத்தான் கூட இருக்கும்போது பேசுங்கள், நீங்கள் தனியாகப் பேசினால் காபி கொடுத்தே இருபத்தைந்துக்கு முடித்துவிடுவார்.

பாப்பாவின் கல்யாணம் தையில்தான் என்றால் மண்டபத்தை இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள். சிவகிரிக்காரர்கள் எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். அண்டாவும் குத்துவிளக்கும் புதிதாக வாங்க வேண்டாம், ஆச்சியுடையது பரணில் இருக்கிறது, ஈயம் பூசினால் போதும். பிளவக்கல் அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்களா? தென் வயலில் நாற்று விட்டாயிற்றா? மோட்டாருக்கு இந்த வருடமும் காயில் கட்டிக்கொண்டிருக்காமல் பழையதைப் போட்டுவிட்டுப் புதிது வாங்க வேண்டும் என்று போன வருடமே சொன்னேன்.

பணம் பற்றி. டிசம்பரில் ஒன்றரை லட்சமும் அனுப்புகிறேன் என்று பாப்பாவிடம் சொல்லியிருந்தேன். டிசம்பரில் நாற்பது வரும், அது நிச்சயம். மீதி, இங்கே மழை விட்டதும்.

பெரியப்பாவின் கண் ஆபரேஷன் எப்படி ஆனது என்று நீங்கள் எழுதவே இல்லை. இது கைக்கு வரும்போது தீபாவளி முடிந்திருக்கும். அதிரசத்தில் நாலைந்தை அத்தான் சென்னைக்குப் போகும்போது கொடுத்துவிட்டால், அங்கிருந்து இங்கே வருகிற பையன் ஒருவன் நவம்பர் கடைசியில் கிளம்புகிறான். முகவரி பாப்பாவுக்கு அனுப்பியிருக்கிறேன். பெரியவருக்கும் சேர்த்துக் கொஞ்சம் கூடுதலாக வை அம்மா. அவருக்குப் பல் எல்லாம் இருக்கிறது.

சங்கிலியைக் கழற்றும்போது ஆசாரியை வைத்துக் கழற்றுங்கள். கொண்டியை அடித்து நெளித்துவிடப் போகிறார்கள். எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்