அம்மா சாப்பிடத் தொடங்கிவிட்டாள்

தெருவில் உள்ளவர்களுக்கும், சொந்தக்காரர்களுக்கும், அம்மாவோடு சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்தவர்களுக்கும், எங்களை நேரில் பார்க்காமலே சமையல் குறிப்பு சொல்லி அனுப்பியவர்களுக்கும் வணக்கம்.

நேற்றுக் காலை அம்மா தோசைக்கு மிளகாய்ப்பொடி கேட்டாள். கொடுக்கவில்லை. ஆனால் கேட்டாளே! அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். என்ன நடந்தது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும், அதைத் திரும்ப இழுக்கப்போவதில்லை. புற்றுநோய்க்குக் கரண்டு (கதிர்வீச்சு சிகிச்சையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) வைத்து முடித்து திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குக் கூட்டிவந்த பிறகு, ஒரு பருக்கை உள்ளே போகாமல் அவள் கிடந்த நாட்களைப் பற்றித்தான் இந்த மடல்.

அப்போது வீட்டுக்கு வந்தவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒரு ரகம் மருந்து சொன்னது. முள்சீத்தா இலையை அவித்துக் குடித்தால் போதும் என்றார்கள், ஒருவர் இலையையே பறித்துக்கொண்டு வந்தார். அக்கறையில் சொன்னதுதான், இல்லை என்று சொல்லவில்லை. டாக்டர் கூடவே கூடாது என்றுவிட்டதால் அதெல்லாம் தென்னை மூட்டுக்குப் போயிற்று. இன்னொரு ரகம் சாப்பாடு சொன்னது. என் நன்றி முக்கியமாக அவர்களுக்கு.

ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். காரம், புளிப்பு, கொதிக்கிற சூடு, சொரசொரப்பு எதுவும் வாய்ப்புண்ணில் படக்கூடாது, சத்து மட்டும் குறையக்கூடாது. தாளில் இருந்தது எல்லாம் சரி. ஆனால் சாப்பிட வேண்டியது எங்கள் அம்மா அல்லவா. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டுவந்து சில வருஷங்களில் வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை ஒரு பள்ளிக்கூடத்துக்கே சாம்பார் வைத்தவள். அவள் முன்னால் உப்பில்லாத ஓட்ஸ் கஞ்சியை நீட்டினால் எப்படிப் பார்ப்பாள் என்று அவளைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேச முடியாமல் சிலேட்டில் எழுதிக் காட்டினாள்: ரசம்.

புளி, தக்காளி, நல்லமிளகு, வத்தல். ஆகாது என்று தாளில் போட்டிருந்த அத்தனையும் சேர்ந்ததுதான் ரசம். நான் என்ன செய்ய?

அப்போதுதான் அந்த அக்கா வந்தார். அம்மாவோடு சமையல் உதவியாளராக இருந்தவர். பேரைப் போட்டால் இனி உன் வீட்டுப் படி ஏறமாட்டேன் என்று சொல்லியிருப்பதால் அக்கா என்றே எழுதுகிறேன். சிலேட்டைப் பார்த்தார், தாளை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே அடுக்களைக்குப் போய்விட்டார்.

"மக்கா, புளிய விடு, மிளக விடு. உங்கம்மைக்கு இப்ப வேண்டியது ரசத்துக்க மணம்."

துவரம்பருப்பு ஒரு கை, மஞ்சள்பொடி போட்டுக் குழைய வேகவைத்து, கடைந்து, துணியில் வடிகட்டி நீர்க்க எடுத்துக்கொண்டார். கொத்தமல்லி விதை இரண்டு கரண்டி, சீரகம் ஒரு கரண்டி, இரண்டையும் நெய்யில் மெதுவாக வறுத்து, ஒன்றிரண்டாகத் தட்டினார். பூண்டைப் பச்சையாகச் சேர்க்கவில்லை, பச்சைப் பூண்டு எரியும். நெய்யில் நிறம் மாறும்வரை வதக்கினார். அடுத்துச் செய்ததுதான் எனக்குத் தோன்றியே இருக்காது. தட்டினதையும் பூண்டையும் கறிவேப்பிலையையும் பழைய வேட்டித்துணியில் கிழி கட்டி, பருப்புத் தண்ணீருக்குள் இறக்கினார். சாரம் இறங்கும், ஒரு திப்பிகூட புண்ணில் உரசாது. பால்பெருங்காயத்தைக் கரைத்து விட்டு, நுரை கட்டி மேலே வந்ததும் அடுப்பை அணைத்து, கிழியைப் பிழிந்து எடுத்தார். கல்லுப்பு கொஞ்சமே கொஞ்சம்.

இறக்கி வைத்து ஆறட்டும் என்று விட்டிருந்தால்கூட அது பெரிய உதவிதான். அவர் தாளிப்புக் கரண்டியைக் கேட்டார். கடுகு தோல் புண்ணில் படுமே என்றேன். "உள்ள விட யாரு சொன்னா?" என்றார். நெய் காய்ந்து, கடுகு வெடித்து, கறிவேப்பிலை படபடவென்று பொரியும்போது, அந்தக் கரண்டியை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு அம்மா படுத்திருந்த ரூமுக்குள் நடந்தார். கட்டில் பக்கத்தில் நின்று, எட்டத்தில் வைத்துக் காட்டினார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தாள். சத்தம் அடங்கும்வரை அக்கா அங்கேயே நின்றார். பிறகு திரும்பி வந்து, தாளிப்பை எங்களுக்கு எடுத்து வைத்திருந்த பாத்திரத்தில் கொட்டிவிட்டு, தெளிந்த ரசத்தை வெதுவெதுப்பாக ஒரு தம்ளரில் அம்மாவுக்குக் கொண்டுபோனார்.

அரை மணி நேரம் எடுத்துக்கொண்டு அம்மா முழுத் தம்ளரையும் குடித்தாள். குடித்துவிட்டு சிலேட்டை வாங்கி எழுதினாள்: "பெருங்காயம் கூடிப்போச்சு."

அக்கா சிரித்த சிரிப்பு தெருமுக்கு வரை கேட்டிருக்கும். "பள்ளிக்கூடத்துலயும் இதத்தான சொல்லுவா!" என்றார். நான் அடுக்களையில் போய் நின்றுகொண்டு அழுதேன்.

அந்த ரசத்தில் சத்து பெரிதாக ஒன்றும் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் அதைக் குடித்த தொண்டை, அதற்குப் பிறகு மற்றதையும் உள்ளே விட்டது. அந்த மற்றதெல்லாம் தந்தது நீங்கள்தான். கூவக்கிழங்கு மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்த பிறகுதான் அடுப்பில் வைக்கணும், கண்ணாடி மாதிரித் தெளிந்தால் வெந்துவிட்டது என்று சொன்ன பக்கத்து வீட்டு ஆச்சி. ஏத்தம்பழத்தை அவித்து, நடுவிலுள்ள கறுப்பு விதையை நார்போல உருவி எடுத்து, தேங்காய்ப்பாலில் மசித்துத் தந்த மைனி. கஞ்சியை இறக்கினதும் முட்டையை நூலாக விட்டுக் கிண்டினால் அம்மாவுக்குத் தெரியாமலே புரதம் போய்விடும் என்று யோசனை சொன்ன நர்ஸ் தங்கச்சி. இளநீரைக் குளிர்பெட்டியில் கட்டியாக்கிச் சப்பக் கொடுக்கச் சொன்னதும் அவள்தான். நெய்மீனை மிளகாய் இல்லாமல் தேங்காய்ப்பாலில் வேகவைத்து, முள் பார்த்துப் பார்த்து எடுத்து அனுப்பிய கடற்கரை வீட்டு அக்காமார். எவர்சில்வர் கரண்டி வாயில் பட்டாலே இரும்பு ருசி அடிக்கிறது என்று அம்மா எழுதிக் காட்டினதைக் கேள்விப்பட்டு, சிரட்டையில் ஒரு சின்னக் கரண்டி செய்து, உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்துக் கொடுத்த ஆசாரி அண்ணன். எல்லோருக்கும் கைகூப்புகிறேன்.

இவ்வளவு வருஷம் நான் சாப்பிட்ட சாப்பாட்டை எல்லாம் பெண்கள்தான் சமைத்தார்கள். அதில் இவ்வளவு கணக்கு இருக்கிறது என்று அடுப்பு முன்னால் நின்ற பிறகுதான் புரிகிறது. எவ்வளவு போடணும் என்று கேட்டால் யாரும் அளவு சொல்வதில்லை. "கண்டு போடு" என்பார்கள். அந்தக் "கண்டு" என்பதற்குள் இருப்பதை நான் கரண்டிக் கணக்காக மாற்றி ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அக்காவின் ரசம்தான் முதல் பக்கம். பெருங்காயத்தை மட்டும் அம்மா பேனாவை வாங்கிக் குறைத்துவிட்டாள்.

நம்ம ஊரில் இனி யார் கரண்டு வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாலும், "என்ன வேணும்னாலும் சொல்லுங்க" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போகிறவனாக இருக்கமாட்டேன். அப்படிக் கேட்டால் எதைச் சொல்வது என்று அந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரிவதில்லை. வேட்டித்துணியும் நோட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். டாக்டர் கொடுத்த தாளை எடுத்து வைத்திருங்கள், அதை வாசித்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பேன்.

கடைசியாக ஒரு முக்கியமான விஷயம். உங்கள் பாத்திரங்களால் எங்கள் வீட்டு அலமாரி நிறைந்து கிடக்கிறது. பேர் வெட்டினதை எல்லாம் இந்த வாரம் நானே கொண்டுவந்து தருகிறேன். பேர் வெட்டாத தூக்குவாளி சிலது, பச்சை மூடி போட்ட ஒரு டப்பா, பூப்போட்ட பீங்கான் கிண்ணம் ஒன்று, இவற்றுக்குச் சொந்தக்காரர்கள் யாரென்று தெரியவில்லை. சாயங்காலம் வந்து அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். காலிப் பாத்திரமாகத் தரக்கூடாது என்று அம்மா உத்தரவு, முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுத்து வைத்தாயிற்று. பாகு பதம் தவறினால் என்னைத் திட்டுங்கள், அம்மாவை அல்ல.