வாரத்துக்கு ஒரு பிற்பகல், கதவு உள்ள ஓர் அறை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர்களின் மனநலம் குறித்துத் தங்கள் இதழில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைகள் பிறர் கவனத்தைத் தம் பக்கம் திருப்புவதற்காகவே அப்படிச் செய்கிறார்கள் என்று அதில் ஒரு வரி வருகிறது. அந்த வரியைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்ளவும், இராமநாதபுரம் கடற்கரையில் இவர்களுக்கென்று ஒரு குழுச் சிகிச்சை தொடங்கப்பட வேண்டும் என்று வற்புறுத்தவுமே இதை எழுதுகிறேன்.

நான் மண்டபத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். என் மூத்த மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போதுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. அவளுக்கு அது பத்தாம் வகுப்பிலிருந்தே இருந்திருக்கிறது. கவனம் வேண்டுகிற பிள்ளை, சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, பெற்றவர்களுக்கே தெரியாமல் இத்தனை ஆண்டுகள் மறைத்து வைத்திருக்குமா? அவள் சாக விரும்பவில்லை. மனத்துக்குள் ஏறிக்கொண்டே போவதை யாரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை என்றுதான் சொன்னாள். சாக நினைக்காததால் ஆபத்து இல்லை என்றும் எவரும் ஆறுதல் கொள்ளக் கூடாது. பிற்காலத்தில் உயிரிழக்கும் அபாயம் இவர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பதில் மருத்துவர்களுக்கு ஐயமில்லை.

முதலில் நாங்கள் போன மருத்துவமனையில், நல்ல குடும்பத்துப் பெண் இப்படிச் செய்யலாமா என்று அவளைக் கண்டித்தார்கள். போலீஸுக்குத் தகவல் சொல்ல வேண்டியிருக்கும் என்று என்னிடம் தனியே சொன்னார்கள். அதற்குப் பயந்து ஏழு மாதம் அவளை எங்கும் கூட்டிக்கொண்டு போகாமல் இருந்துவிட்டேன். அந்த ஏழு மாதமும் அவள் தனியாகப் பட்டதற்கு நானே பொறுப்பு. தற்கொலைக்கு முயன்றவரையே கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 115-ஆம் பிரிவில் சொல்கிறது என்பதும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு இல்லை என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தன. இவ்விரண்டு செய்திகளையும் தாங்கள் கட்டம் கட்டி வெளியிட்டால், என்னைப் போல் பயந்து வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும் பெற்றோர் சிலராவது வெளியே வருவார்கள்.

ஓர் இரவு என் மனைவி 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை அழைத்தாள். மறுமுனையில் தமிழில் பேசியவர் அவளைக் கடிந்துகொள்ளாமல் முக்கால் மணி நேரம் கேட்டார். அங்கிருந்து வழி பிறந்து, கடைசியில் மதுரையில் ஒரு மனநல மருத்துவர் நடத்தும் குழுவில் என் மகள் சேர்ந்தாள். மண்டபத்திலிருந்து மதுரை ஏறத்தாழ 150 கிலோமீட்டர். வாரம் ஒரு முறை, ஓராண்டுக் காலம், இரண்டு மணி நேரக் குழுவுக்காக ஏழெட்டு மணி நேரம் பஸ்ஸில் இருந்தோம்.

அந்த அறைக்குள் யார் என்ன பேசினார்கள் என்பதை அவள் வீட்டில் சொன்னதில்லை; சொல்லக் கூடாது என்பது அங்கே முதல் விதி. முறையைப் பற்றி மட்டும் மருத்துவர் எனக்கு விளக்கினார். அதற்கு டயலெக்டிக்கல் பிஹேவியர் தெரபி என்று பெயர். அதை உருவாக்கிய அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன், தாமும் இளவயதில் தம்மைக் காயப்படுத்திக்கொண்டவர்தான் என்று 2011-இல் வெளிப்படையாகச் சொன்னவர். நடக்கும் கணத்தில் மனத்தை நிறுத்துவது, நெருக்கடி வரும்போது அதை மோசமாக்காமல் தாங்கிக் கடப்பது, உணர்ச்சியைக் கையாள்வது, உறவுகளிடம் வேண்டியதைக் கேட்கவும் வேண்டாததை மறுக்கவும் பழகுவது ஆகியவற்றைப் பாடம்போல் வாரந்தோறும் சொல்லிக்கொடுத்து வீட்டுப்பாடமும் தருகிறார்கள். நெருக்கடி முற்றும்போது குளிர்ந்த நீரில் முகத்தை வைப்பது அதில் ஒரு பயிற்சி. அந்த ஓராண்டும் கம்பெனியிலிருந்து வரும்போது ஒரு தூக்குவாளி நிறைய ஐஸ் கொண்டுவந்து அடுப்படியில் வைப்பேன். மகளுக்காக என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான் என்று அப்போது நினைத்திருந்தேன். கேள்வி கேட்காமல் அதை வைத்துவிட்டுப் போனதுதான் தனக்குப் பெரிதாக இருந்தது என்று அவள் பின்னால் சொன்னாள்.

இப்படிப்பட்டவர்களை ஒரே அறையில் உட்காரவைத்தால் ஒருவரைப் பார்த்து மற்றவர் கற்றுக்கொள்ள மாட்டாரா என்று உறவினர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதனால்தான் காயத்தைக் காட்டவோ, எப்படிச் செய்தேன் என்று விவரிக்கவோ அங்கே அனுமதி இல்லை. பயிற்சி பெற்ற ஒருவர் நடுவில் இருக்கிறார். குழுவோடு ஒவ்வொருவருக்கும் தனிச் சிகிச்சையும் நடக்கிறது. பிள்ளைகள் தாங்களாகவே செல்பேசியில் தொடங்கிக்கொள்ளும் குழுக்களில் இந்தக் காவல் இல்லை. குழு என்றாலே குணமாகும் என்றும் நான் சொல்ல வரவில்லை. இங்கிலாந்தில் வளரிளம் பருவத்தினரிடம் 2001-இல் பலன் தருவதாகத் தெரிந்த வேறொரு குழுச் சிகிச்சை, 2011-இல் வெளிவந்த பெரிய ஆய்வில் வழக்கமான சிகிச்சையைவிடக் கூடுதல் பலன் தரவில்லை என்று அந்த மருத்துவரே சொன்னார். எந்த முறை, யார் நடத்துகிறார் என்பதைப் பொறுத்தே எல்லாம் இருக்கிறது.

இந்த மாவட்டத்துக்கு இதில் தனிக் கடமை உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்கா அருகே மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த இடத்தில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் கொட்டகைத் தீயில் இறந்ததை நாடே பார்த்தது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. பின்னாளில் அதே ஏர்வாடியில் துவாவுக்கு, அதாவது பிரார்த்தனைக்கு, வருபவர்களுக்கு மருந்தும் கிடைக்க ஏற்பாடு நடந்தது. ஆனால் காலையில் தலைவாரிக் கல்லூரிக்குப் போய், தோழிகளோடு சிரித்துவிட்டு வருகிற பெண்ணுக்கு அந்த இடம் பொருந்தாது. அவள் அங்கே போகவும் மாட்டாள்.

மாவட்ட மனநலத் திட்டத்தில் உளவியலாளருக்கும் சமூகப் பணியாளருக்கும் இடம் இருக்கிறது. இராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இயங்குகிறது. ஆகவே புதிய கட்டடம் வேண்டாம். வாரத்துக்கு ஒரு பிற்பகலும், திரைச்சீலை இல்லாமல் கதவே உள்ள ஓர் அறையும், முறையான பயிற்சிக்கு அனுப்பப்பட்ட இருவரும் போதும். வட்டமாக உட்கார்ந்து பேசுவது இங்கே புதிதில்லை. பாசி எடுக்கப் போகும் பெண்களும் மீன் கம்பெனிப் பெண்களும் சுயஉதவிக் குழுக்களில் பல ஆண்டுகளாக அப்படித்தான் உட்காருகிறார்கள். அங்கே எல்லோரும் ஒரே தெருக்காரர்கள் என்பது பலம். சிகிச்சைக் குழுவில் அதுவே தடையாகும். பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ ஒரு பெண் எந்தக் கதவைத் தட்டினாள் என்பது சாயங்காலத்துக்குள் அவள் மாமியார் வீடு வரை எட்டிவிடும். எனவே தீவுக்காரர்கள் இராமநாதபுரத்துக்கும், இராமநாதபுரத்தார் கீழக்கரைக்கும் போகலாம் என்று விட்டுவிட வேண்டும். அறைக்கு வெளியே நோயின் பெயரை எழுதிப் பலகை மாட்டவும் கூடாது. கிழமையையும் யோசித்து வைக்க வேண்டும். விசைப்படகு கடலுக்குப் போகும் நாளும் கரைக்கு வரும் நாளும் எங்களுக்கு ஆகாது. தொழுகை நாளான வெள்ளி கீழக்கரைக்கு ஆகாது. ஞாயிறு மாதா கோயிலுக்குப் போகிறவர்களுக்கு ஆகாது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் எல்லா வீட்டிலும் கையில் காசு இருக்காது என்பதால், பஸ் கட்டணத்தையாவது கொடுத்தால்தான் ஆள் தொடர்ந்து வரும்.

இக்கடிதத்தை என் மகள் படித்து, இரண்டு இடங்களில் திருத்திய பிறகே அனுப்புகிறேன். இதை வெளியிடும்போது 14416 என்ற எண்ணையும், தமிழக அரசின் 104 என்ற மருத்துவ உதவி எண்ணையும் கண்ணில் படும்படி அச்சிடுங்கள். இவ்விஷயத்தில் முன்வரும் மருத்துவர்கள் பெற்றோரிடம் பேச ஆள் தேடினால், நானும் என் மனைவியும் நேரில் வரத் தயாராக இருக்கிறோம். படகு கரைக்கு வராத எந்த நாளும் எனக்கு வசதிப்படும்.

இப்படிக்கு,
மண்டபத்திலிருந்து ஒரு தந்தை
(பெயரும் முகவரியும் தங்கள் பார்வைக்கு மட்டும் தனியே இணைக்கப்பட்டுள்ளன)